பச்சைப் பொத்தானுக்குப் பின்னால்

கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வளாகத் தேர்வுக் காலம் வந்துவிட்டால் போதும், உங்களில் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டுவிடுகிறீர்கள்: “மனித–கணினி ஊடாட்டம் என்று ஒரு ஆய்வுத் துறை இருக்கிறதாமே, அதில் போனால் என்ன ஆகலாம்?” கேட்கும்போதே உங்கள் மனத்தில் ஒரு படம் இருப்பது தெரிகிறது. பொத்தானுக்கு நீலமா பச்சையா, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், செயலியின் முதல் திரையில் எத்தனை கட்டம் என்று பார்த்துச் சொல்கிற வேலை. நிரல் எழுத வராதவர்கள் போய் ஒதுங்குகிற இடம் என்று நினைப்பவர்களும் உண்டு. வீட்டில் இந்தக் குழப்பம்கூட இருக்காது. “கம்ப்யூட்டர்தானே, படி” என்று விட்டுவிடுவார்கள்.

தனித்தனியே பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. துறைக்கு இலக்கணம் வகுக்கப்போவதில்லை. அப்படி வகுத்த எதுவும் எனக்குத் திருப்தி தந்ததில்லை. ஒருவருடைய பணி வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவர் பெயர் லூசி சச்மன். உங்கள் பாடநூலில் ஒரு வரியில் வந்துபோயிருக்கலாம். வராமலே போயிருக்கவும் வாய்ப்பு அதிகம்.

அவர் கணினி படித்தவர் அல்லர், மானிடவியல் மாணவி. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, 1970களின் கடைசியில், ஜெராக்ஸ் நிறுவனம் பாலோ ஆல்டோவில் நடத்திவந்த ‘பார்க்’ ஆய்வகத்துக்குள் நுழைந்தார். அந்த ஆய்வகத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று நீங்கள் தட்டுகிற திரையில் உள்ள சன்னல்கள், லேசர் அச்சுப்பொறி, கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் எல்லாம் 1970களில் அங்கே உருவானவை. மானிடவியல் என்றால் தொலைதூரத் தீவுக்கோ மலைக்கோ போவது என்றிருந்த காலம் அது. அதிகாரம் இருக்கும் இடங்களையும் அதே கண்ணோடு போய்ப் பாருங்களேன் என்று பெர்க்லியில் லாரா நேடர் என்ற பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். சச்மன் ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் போனார். போன இடத்தில் அவருக்கு வாய்த்தது ஒரு ஜெராக்ஸ் மெஷின்.

நிறுவனம் புதிதாக ஒரு பெரிய நகலெடுக்கும் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் நிற்பார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். வாங்கியவர்களோ இதை இயக்க முடியவில்லை, சிக்கலாக இருக்கிறது என்று புகார்மேல் புகார் அனுப்பினார்கள். வழக்கமான நிறுவனம் என்றால் கையேட்டைத் திருத்தி அச்சடித்திருக்கும். சச்மன் அந்த இயந்திரத்தை ஆய்வகத்திலேயே நிறுத்தி, உடன் வேலை பார்க்கும் அறிவியலாளர்களை இரண்டிரண்டு பேராக நகலெடுக்கச் சொல்லிக் காணொளியாகப் பதிவு செய்தார். இரண்டு பேர் ஏன்? தனியாக இருப்பவர் மனத்துக்குள் குழம்புவார், நமக்கு எதுவும் கேட்காது. இரண்டு பேர் சேர்ந்தால் குழப்பம் பேச்சாக வெளியே வந்துவிடும்.

அந்தப் பதிவுகளில் ஒன்று எங்கள் துறையில் மிகப் பிரபலம். அதில் திணறுகிற இருவரில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். ஹெர்பர்ட் சைமனோடு சேர்ந்து 1975-இல் டூரிங் விருது பெற்றவர். மனிதன் ஒரு இலக்கை வைத்துக்கொண்டு, அதற்குத் திட்டம் தீட்டி, திட்டத்தைப் படிப்படியாக நிறைவேற்றுகிறான், கணினியும் அதையே செய்யலாம் என்ற கருத்துக்கு நிரல் வடிவம் கொடுத்தவர்களே நியூவெல்லும் சைமனும்தான். காணொளியில் இருக்கும் மற்றவர் ரான் கேப்லன், கணினி மொழியியலில் பெரிய பெயர். இருவரும் அந்த இயந்திரத்தின் முன் நின்று, எந்தப் பக்கம் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். மெத்தப் படித்தவர்களுக்கே நகலெடுக்க வரவில்லை என்றால் வடிவமைப்பு மோசம், அதை எளிமையாக்குங்கள் என்பது பலரும் எடுத்துக்கொண்ட பாடம். இன்றுவரை பயிலரங்குகளில் அப்படித்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். சச்மன் அந்தப் பாடத்தை ஏற்கவில்லை. புதிய இயந்திரம் எதுவானாலும் அதோடு பழக உழைப்பு வேண்டும். “பொத்தானை அழுத்து, போதும்” என்ற விளம்பரம் அந்த உழைப்பை மறைத்துவிட்டது என்றார். நான் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியதே இந்த இடத்துக்காகத்தான். எளிமையாக்குவது நல்ல காரியம், யாரும் மறுக்கவில்லை. ஆனால் எளிமையாக இருக்கிறது என்று யார் சொல்கிறார்கள், அப்படிச் சொல்வதால் யாருடைய வேலை கண்ணில் படாமல் போகிறது என்று கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. பயனருக்கு வழிகாட்டும் ‘அறிவுள்ள’ உதவி அமைப்பு ஒன்றை ஆய்வகத்தினர் உருவாக்கி இயந்திரத்தோடு இணைத்தார்கள். இயந்திரம் உங்கள் நோக்கத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று திரையில் சொல்லும். சச்மன் மறுபடியும் ஆட்களை இருவர் இருவராக நிறுத்திப் படம் பிடித்தார். பிறகு ஒரு தாளை நான்கு பத்தியாகப் பிரித்தார்.

முதல் பத்தியில், மனிதர்கள் செய்வதில் இயந்திரத்துக்கு எட்டாதவை. அவர்கள் பேசிக்கொள்வது, தயங்குவது, விரலால் சுட்டி “இதுவா?” என்று கேட்பது. இரண்டாம் பத்தியில், இயந்திரத்துக்கு எட்டுபவை: மூடி திறந்தது, தாள் வைக்கப்பட்டது, பொத்தான் அமுங்கியது. மூன்றாவதில், இயந்திரம் மனிதருக்குக் காட்டியது. நான்காவதில், அப்படிக் காட்டுவதற்கு வடிவமைப்பாளர் மனத்தில் இருந்த காரணம். காணொளியை ஓட்டி ஓட்டி ஒவ்வொரு கணத்தையும் இந்தப் பத்திகளில் நிரப்பினார். எழுதி முடித்ததும் தாளே பேசிற்று. மனிதரும் இயந்திரமும் சந்திப்பது நடுவில் உள்ள இரண்டு பத்திகளில் மட்டும். ஓரத்துப் பத்திகள் இரண்டும், அதாவது மனிதர் என்ன நினைத்தார், வடிவமைப்பாளர் என்ன நினைத்தார் என்பவை, ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. இயந்திரம் ஒரு சாவித்துவாரம் வழியாகத்தான் எதிரில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது? முன்பு காட்டிய அறிவுறுத்தலை இயந்திரம் திரும்பவும் காட்டுகிறது என்று வையுங்கள். அடுத்த பக்கத்துக்கும் இதையே செய் என்று அதற்குப் பொருள் இருக்கலாம். நீ செய்தது தவறு, மறுபடி செய் என்றும் இருக்கலாம். எதிரே மனிதர் இருந்தால் முகத்தைப் பார்த்தே எது என்று தெரிந்துவிடும். திரையில் இரண்டுக்கும் ஒரே வாசகம். சரியாகச் செய்தவர்கள் தவறிவிட்டோமோ என்று பயந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். இதைவிட மோசமானது எதிர்த்திசைக் குழப்பம். பயனர் ஒரு தவறு செய்கிறார், அந்தத் தவறு இயந்திரத்தின் கணக்கில் ஒரு சரியான செயலைப் போலவே பதிவாகிறது. இயந்திரம் தொடர்கிறது, அது தொடர்வதால் பயனரும் எல்லாம் சரி என்று நம்புகிறார். நெடுந்தூரம் போனபிறகு, வரக்கூடாத ஒரு தாள் வெளியே வந்து விழும்போது, எங்கே பிசகியது என்று இருவருக்குமே தெரியாது. இணையத்தில் கட்டணம் செலுத்தி, பணம் போய், ரசீது வராமல் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆய்வு 1987-இல் புத்தகமாக வந்தது. திட்டங்களும் சூழலில் நிகழும் செயல்களும் என்பது அதன் தலைப்பின் பொருள். பரிசலில் அருவிச் சுழிப்பான ஆற்றில் இறங்குகிறவர் மேலே நின்று வழியை நன்றாகத் திட்டமிட்டுக்கொள்ளலாம். நீருக்குள் இறங்கியபின் அவரைக் காப்பாற்றுவது உடம்பில் இருக்கிற பழக்கம், அந்தக் கணத்து நீரோட்டத்துக்குத் தரும் பதில் என்று சச்மன் ஒரு உதாரணம் சொல்வார். திட்டம் பயனற்றது என்று அவர் சொல்லவில்லை. நம்மை நல்ல இடத்தில் கொண்டு நிறுத்த அது உதவும், நம்மை இயக்குவது அதுவன்று. செயற்கை நுண்ணறிவின் அஸ்திவாரத்திலேயே கைவைத்த பேச்சு இது. 1993-இல் சைமனும் அலான்சோ வேராவும் சேர்ந்து ஒரு ஆய்விதழில் நீண்ட மறுப்பு எழுத, சச்மனும் பதில் எழுதினார்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி உங்களை மயக்கக்கூடாது. அதே பார்க் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் கார்டும் தாமஸ் மோரனும், ஆலோசகராக வந்துபோன அதே நியூவெல்லும் மனிதச் செயலை நொடிக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார்கள். சுட்டியால் குறிவைக்க 1.1 நொடி, விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் கை மாற 0.4 நொடி, மனம் தயாராக 1.35 நொடி என்று 1980-இல் கணக்கு வெளியிட்டார்கள். கேலிக்குரிய கணக்கு இல்லை இது. நியூயார்க் பகுதித் தொலைபேசி நிறுவனமான நைனெக்ஸ், தன் தொலைபேசி இணைப்புப் பணியாளர்களுக்குப் புதிய கணினி மேசை வாங்க நினைத்தது. விசையழுத்தம் குறைவு, திரை வேகம், எனவே ஒவ்வொரு அழைப்பும் சீக்கிரம் முடியும் என்று எல்லோரும் நம்பினார்கள். இந்தக் கணக்குமுறையின் வழித்தோன்றல் ஒன்றைக் கொண்டு வேய்ன் கிரே, பானி ஜான், மைக்கேல் அட்வுட் மூவரும் பார்த்து, புதியது பழையதைவிட மெதுவாகத்தான் இருக்கும் என்றார்கள். களச் சோதனையும் அதையே காட்டியது. காரணம் எளிது. குறைக்கப்பட்ட விசையழுத்தங்கள் எல்லாம் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிகிறவை. அவற்றைக் குறைத்து ஒரு பயனும் இல்லை. புதிதாகச் சேர்ந்த சில அழுத்தங்களோ பேச்சு நின்றபின் வந்து தனியாக நேரம் தின்றன. அழைப்புக்கு ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசம்தான், ஆனால் ஆண்டுக்கணக்கில் அது லட்சக்கணக்கான டாலர். எண்ணுகிறவர்களும் வேண்டும், உட்கார்ந்து பார்க்கிறவர்களும் வேண்டும். என் மனம் பார்க்கிறவர்கள் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கவில்லை.

சச்மன் பார்க்கில் இருபது ஆண்டுகள் இருந்தார். வேலைமுறையையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்து ஆராயும் ஒரு குழுவை அங்கே நடத்தினார். விமான நிலையத்தின் செயல்பாட்டு அறை, பாலம் கட்டும் பொறியாளர்களின் கோப்புகள் என்று பல இடங்களுக்கு அந்தக் குழு போயிற்று. நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றை. பெரிய வழக்குகளில் ஆவணங்கள் மலையாகக் குவியும். ஒவ்வொன்றையும் படித்து, தேதி, யார் யாருக்கு எழுதியது, எதைப் பற்றியது என்று குறித்து வைக்க ஆட்கள் இருப்பார்கள். மூத்த வழக்கறிஞர் ஒருவர், அது மூளை தேவைப்படாத வேலை, வெளியே கொடுத்துவிடலாம், இயந்திரத்திடமே விட்டுவிடலாம் என்ற தொனியில் பேசினார். குழுவினர் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். எது தனி ஆவணம், எது இன்னொன்றின் இணைப்பு, எந்தத் தேதியை எடுத்துக்கொள்வது என்று அங்கே நிமிடத்துக்கு நிமிடம் தீர்ப்பு சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தவருக்கு மட்டும் அது மூளையில்லா வேலை.

2000 வாக்கில் சச்மன் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார், அதுவும் சமூகவியல் துறைக்கு. விருதுகள் வந்தன: 2002-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதக்கம், 2010-இல் எங்கள் துறைச் சங்கத்தின் வாழ்நாள் ஆய்வு விருது. இவற்றைச் சொல்லாமல் விட்டால் உங்கள் வீட்டார் நம்பமாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் கையில் இருந்த கேள்வி என்ன ஆயிற்று என்பதுதான் முக்கியம். சூழலைப் பற்றி இயந்திரத்துக்கு உண்மையில் என்ன தெரியும்? 1980களின் தொடக்கத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் கேட்ட கேள்வி இது. அந்தக் காலத்திலேயே, வானத்தில் ஏவுகணைகளைத் தானாகத் தடுக்கும் என்று ரீகன் அரசு அறிவித்த திட்டத்தை எதிர்த்த கணினி வல்லுநர் அமைப்பில் அவர் முன்னின்றார். 2016 ஏப்ரலில் ஜெனீவாவில், தானியங்கி ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில் பேசியபோதும் அதே கேள்விதான். போர்ச் சட்டப்படி போராளியையும் பொதுமக்களையும் பிரித்தறிய வேண்டும். பிரித்தறிய, எதிரே நடப்பது என்ன என்ற சூழலறிவு வேண்டும். அது எந்த நிரலில் இருக்கிறது? மூடி திறந்ததையும் பொத்தான் அமுங்கியதையும் மட்டும் அறிந்த இயந்திரத்திடம் இப்போது ஆயுதத்தைக் கொடுக்கப்போகிறீர்களா?

2018-இல் கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஒரு மடலில் கையெழுத்திட்டார்கள். ஆளில்லா விமானங்கள் எடுக்கும் காணொளியை இயந்திரக் கற்றலால் அலசும் ‘மேவன்’ என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் திட்டத்திலிருந்து நிறுவனம் விலக வேண்டும் என்பது கோரிக்கை. அவர்களுக்கு ஆதரவாக ஆய்வாளர்கள் ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். அதை எழுதியவர்கள் சச்மன், லில்லி இரானி, பீட்டர் அசாரோ. அந்த ஜூனில் கூகுள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தது. திட்டம் வேறு நிறுவனங்களோடு தொடர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்ட “என்ன ஆகலாம்?” என்பதற்கு என்னிடம் உள்ள பதில் இந்தக் கதைதான். எந்தக் கருவி கற்றுக்கொள்வது, எந்த மென்பொருளில் திரை வரைவது என்றெல்லாம் கேட்கிறீர்கள். அவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டவருக்கு அது நகலெடுக்கும் அறையிலிருந்து ஜெனீவா வரை வழி காட்டியிருக்கிறது.

அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். தபன் பாரிக் என்ற ஆய்வாளர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகத் தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்குப் பதிவைத்தான் எடுத்துக்கொண்டார். கணினிமயம் என்றதும் தாளைத் தூக்கிப் போடுவது வழக்கம். அவர் தாளை அங்கேயே விட்டுவைத்தார். அந்தப் பெண்கள் நம்புவது கையெழுத்திட்ட தாளைத்தான். படிவத்தில் குறியீடுகளை அச்சிட்டு, கைப்பேசியின் கேமராவால் அவற்றைப் படிக்கவைத்து, அடுத்து எந்த எண்ணைப் பதிய வேண்டும் என்று தமிழில் பேசவைத்தார். 2006-இல் துறையின் முதன்மை மாநாட்டில் அந்தக் கட்டுரை வந்தது.

நித்யா சாம்பசிவன் உள்ளிட்டோர் 2010-இல் எழுதிய கட்டுரை, இன்னொருவர் கைவழியாகத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறவர்களைப் பற்றியது. நம் ஊர் இ-சேவை மையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றுக்கு வந்த அம்மா விசைப்பலகையைத் தொடுவதில்லை. தட்டுவது மையத்துக்காரர். ஓ.டி.பி. போவது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் கைப்பேசிக்கு. மூன்று பேர் சேர்ந்து செய்கிற இந்தக் காரியத்தில், மென்பொருளின் கணக்குப்படி ‘பயனர்’ யார்? கடவுச்சொல் வைத்திருப்பவர்தான். அந்த அம்மாவுக்கு அதில் இடமே இல்லை. இதே நித்யா, 2021-இல் தன் குழுவோடு இந்தியா, ஆப்பிரிக்கா, அமெரிக்காவைச் சேர்ந்த 53 செயற்கை நுண்ணறிவுப் பணியாளர்களிடம் பேசி, மாதிரி கட்டும் வேலைக்குத்தான் மரியாதை, தரவைச் சேர்த்துச் சீர்செய்யும் வேலையை யாரும் மதிப்பதில்லை, அதனால் எத்தனை அமைப்புகள் பின்னால் சரிகின்றன என்று காட்டினார். வழக்கறிஞர் அலுவலகத்தின் ‘மூளையில்லா வேலை’ நினைவுக்கு வருகிறதா?

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரக் காணொளியைப் பேச்சு, மௌனம், கையசைவோடு பெயர்த்தெழுத ஒரு நாள் போதாது. கணினித் துறையினர் “இதில் அல்காரிதம் எங்கே?” என்பார்கள், சமூகவியலார் “கோட்பாடு எங்கே?” என்பார்கள். நிறுவன ஆய்வகங்களில் சம்பளம் நன்றாக இருக்கும், நிர்வாகம் மாறினால் குழுவே கலைந்துபோகும். நீங்கள் தடுத்த ஒரு தவறான வடிவமைப்பு வெளியே வராது என்பதால் அதற்குப் பாராட்டும் வராது. படிக்க இடம் தேடுகிறவர்களுக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஐ.டி.சி., கவுகாத்தி ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறை இரண்டும் உண்டு; 2005-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பயிற்சிக்கு முயலலாம். நிரல் எழுதுவதை விட்டுவிடாதீர்கள், அது எங்கும் கைகொடுக்கும்.

விண்ணப்பத்தில் நோக்கவுரை என்று ஒரு பக்கம் கேட்பார்கள். நீங்கள் கட்டிய செயலிகளின் பட்டியலை அங்கே எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஒரு பிற்பகல் ஏதாவது இ-சேவை மையத்திலோ, வங்கியில் பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தின் அருகிலோ போய் நில்லுங்கள். அனுமதி கேட்டுவிட்டு நில்லுங்கள். முகத்தையும் ஆதார் எண்ணையும் படம் பிடிக்காதீர்கள்; நோட்டும் பேனாவும் போதும். நான்கு பத்தி போட்டு, கண்ணில் பட்டதை நிரப்புங்கள். நான்காவது பத்தி, அதாவது வடிவமைத்தவர் என்ன நினைத்திருப்பார் என்பது, கடைசிவரை காலியாகவே இருக்கும். அதற்கு அந்த மென்பொருளை எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். உங்கள் சீனியர்களில் ஒருவராகவே அவர் இருக்கலாம், விசாரியுங்கள். அந்தத் தாளோடு வாருங்கள். எந்தப் பேராசிரியருக்கு எழுதலாம் என்பதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
இதே துறைக்கு உங்களுக்குச் சற்று முன்னால் வந்தவன்